முருகைக்கல்லுக்குப் பெயர் பிடிபடாதபோது: அறிகுறி பார்த்துப் பிழை திருத்தும் வழி

நிலாவெளியில் படகேறிப் புறாமலைத் தீவுக்குப் போய், கமராவோடு அரைநாள் தண்ணீரில் கிடந்துவிட்டு வருகிறவர்களுக்கு வீட்டில் காத்திருக்கிற தலையிடி ஒன்றுதான். மீன் படங்களுக்கு ஒருமாதிரிப் பெயர் தேடிவிடலாம். முருகைக்கல் படங்கள் பெயரில்லாமலே கிடக்கும். புத்தகத்தைப் புரட்டினால் ஒரே படம் நான்கு பக்கத்துக்குப் பொருந்தும். இல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கும் பொருந்தாது.

திருகோணமலைப் பகுதியில் ஏறக்குறைய 100 முருகை இனங்கள் பதிவாகியிருப்பதாகச் சொல்வார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு தண்ணீரில் இறங்க முடியாது, தேவையும் இல்லை. பெயர் தவறுவதற்குப் படிப்புக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். முருகை என்பது பொலிப்பு என்ற சிறு உயிர்கள் பல ஒட்டி வாழும் கூட்டம், அதைத்தான் கொலனி என்கிறோம். அந்தக் கொலனியின் மொத்த உருவத்தைப் பார்த்துப் பெயர் வைக்கிறோம். பெயரைத் தீர்மானிக்கிற அடையாளமோ சில மில்லிமீற்றர் அகலமுள்ள கிண்ணத்துக்குள் இருக்கிறது. ஒவ்வொரு பொலிப்பும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் கட்டிக்கொள்கிற சிறு குழியைத்தான் கிண்ணம் என்கிறேன். அடுத்த பிழை, ஆதாரம் பேரினத்தோடு (நெருங்கிய இனங்களின் தொகுதியோடு) முடிந்த பிறகும் இனப்பெயர் வரை இழுத்துக்கொண்டு போவது.

உங்கள் சிக்கலுக்கு உரிய பகுதியை மட்டும் வாசித்தால் போதும். படம் எடுப்பது பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: புத்தகத்தில் எந்தப் பக்கமும் பொருந்தவில்லை

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது கல் முருகைதானா என்பது. புறாமலையைச் சுற்றி மென்முருகைகளும் உண்டு. சைனுலேரியா, சார்கோஃபைட்டன் போன்றவை பொலிப்புகளை உள்ளிழுத்துக் கிடக்கும் நேரத்தில் தோலும் தடிப்புமாக, கல் என்று நம்பும்படி இருக்கும். பொலிப்பு விரிந்திருந்தால் சோதனை சுலபம்: கைகளை எண்ணுங்கள். எட்டுக் கைகள் இருந்து, ஒவ்வொரு கையின் இரண்டு ஓரத்திலும் சிறு கிளைகள் வரிசையாக இருந்தால் அது எண்கை வகை. கல் முருகையில் ஆறின் மடங்குகளாக வரும்.

ரோசா நிறத்தில் பாறைமேல் பூசினாற்போல் படிந்திருப்பது சுண்ணப் பாசி. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கிண்ணம் தெரியாது. பொத்தான் பொத்தானாகப் பரவியிருக்கிற சோவாந்திட்டுகளில் கல்லே கிடையாது. அவற்றை விரலால் அழுத்திப் பார்க்கவும் வேண்டாம், சிலவற்றில் பலிடொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது.

இனி உண்மையிலேயே குழப்புகிறவை. மில்லெபோராவுக்குக் கல் உண்டு, பாறை கட்டுவதில் பங்கும் உண்டு, ஆனால் அது கல் முருகைகளிலிருந்து வேறான ஹைட்ரோசோவா கூட்டத்தைச் சேர்ந்தது. கிண்ணங்களுக்குப் பதிலாக ஊசித்துளைகள் மட்டும் தெரியும். பட்டால் தோல் எரியும். எரிகிறதா என்று பார்ப்பதற்காகத் தொட வேண்டாம். நீல முருகையான ஹீலியோபோராவும் சிவப்புக் குழல்களைக் கட்டும் டியூபிபோராவும் எண்கை வகைகள், இருந்தும் கெட்டியான கல் கட்டுகின்றன. மறுபக்கம், வெளிச்சம் குறைந்த பாறை இடுக்குகளில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் டியூபாஸ்ட்ரியா அசல் கல் முருகை. ஆனால் அதன் உடலில் பாசி இல்லாததால் பாறை கட்டும் கூட்டத்தில் அதைச் சேர்ப்பதில்லை. பாறை கட்டுவது ஒரு தொழில். அந்தத் தொழிலைப் பல குலத்தவர் செய்கிறார்கள். இது தெரியாமல் ‘கல் இருக்கிறது, ஆகவே ஸ்கிலெராக்டீனியா வரிசை’, அதாவது அசல் கல் முருகைகளின் வரிசை, என்று தொடங்கினால் பிறகு பெயர் கண்டுபிடிக்க உதவும் எந்தத் திறவுகோலும் உதவாது.

அறிகுறி: படம் முழுக்கப் பச்சை கலந்த நீலம், பெரிதாக்கினால் ஒன்றும் இல்லை

ஆழம் கூடக்கூடச் சிவப்புத்தான் முதலில் மறையும். ஐந்தாறு மீற்றரிலேயே படம் நீலம் பாய்ந்துவிடும். இதை மென்பொருளில் சரிசெய்யலாம். ஆனால் நிறத்துக்காக அதிகம் மினக்கெட வேண்டாம். முருகையின் நிறம் அதன் தசைக்குள் வாழும் பாசியிலிருந்தும் ஒளிரும் புரதங்களிலிருந்தும் வருகிறது. ஒரே இனம் ஓரிடத்தில் மண்ணிறம், இன்னோரிடத்தில் பச்சை, வேறோரிடத்தில் ஊதா. ‘ஊதா நிறமாக இருந்தது, அதனால் இதுதான்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரை நம்பாதீர்கள்.

ஒரு கொலனிக்குக் குறைந்தது மூன்று படம் வேண்டும். முதலாவது, சுற்றுப்புறத்தோடு முழுக் கொலனி. இரண்டாவது, ஒரு சாண் அகலம். மூன்றாவது, கிண்ணங்கள் எண்ணக்கூடிய அளவுக்கு நெருக்கம். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் அழகுக்குத்தான் உதவும். நெருக்கப் படத்தில் ஓர் அளவுகோல் விழட்டும்: பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் அடிமட்டத்தை நூலில் கட்டிக் கையில் மாட்டிக்கொள்ளலாம். அதை முருகைமேல் சாத்தக் கூடாது, பக்கத்தில் பிடித்தால் போதும். ரோர்ச் இருந்தால் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். சுவரின் மேடும் குழியின் பள்ளமும் நிழலில்தான் தெரியும். கொலனியின் ஓரத்தை எடுக்காமல் மேல்பகுதியை எடுங்கள், காரணம் பின்னால் வரும்.

காலமும் முக்கியம். ஒக்டோபரில் வாடைக்காற்று தொடங்கினால் கிழக்குக் கரையில் கடல் கலங்கும், மகாவலி கொட்டியாரக்குடாவில் கொண்டுவந்து கொட்டும் மண்ணும் சேரும். மே முதல் செப்டெம்பர் வரைதான் நெருக்கப் படத்துக்கு ஏற்ற தண்ணீர். அந்த மாதங்களில்தான் சனமும் கூடுதல். புறாமலையின் ஆழம் குறைந்த பகுதியில் காலூன்றி நிற்கிறவர்களைப் பார்த்தால் ஆத்திரம் வரும். நாமும் படத்துக்காக அதையே செய்யக் கூடாது.

அறிகுறி: கிளைவிட்டது எல்லாம் அக்ரோபோராவாகவே தெரிகிறது

கிளையின் நுனியைப் பாருங்கள். அக்ரோபோராவின் ஒவ்வொரு கிளை நுனியிலும் தனியாக ஒரு கிண்ணம் இருக்கும். கிளையை நீளவைப்பதே அந்த நுனிக் கிண்ணம்தான். பக்கவாட்டில் இருக்கும் கிண்ணங்கள் அதிலிருந்து பிறந்தவை. நுனிக் கிண்ணம் இல்லையா, அக்ரோபோரா இல்லை. இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

இதைத் தண்ணீருக்குள் பழகுவதைவிடக் கரையில் பழகுவது நல்லது. புறாமலையின் கரையில் உடைந்த முருகைத் துண்டுகள் கொட்டிக்கிடக்கின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்றைக் கொண்டுபோய், சுண்டுவிரல் அளவுள்ள, அதிகம் தேயாத ஒரு துண்டைப் பொறுக்கிப் பாருங்கள். நுனியில் வட்டமாக ஒரு துளை, அதன் சுவர் தடித்து வெளியே நீண்டிருக்கும். அதற்குக் கீழே சிறு குழாய்கள் மேல்நோக்கிச் சாய்ந்து சுற்றிலும் ஒட்டியிருக்கும். சிலவற்றில் மேலுதடு இல்லை, கீழுதடு மட்டும் நீண்டிருக்கும். வெயிலுக்கு எதிரே திருப்பினால் குழாய்க்குள் ஆறு மெல்லிய தகடுகள் மையத்தை நோக்கி வருவது தெரியும், அவற்றுக்கிடையே குட்டையாக இன்னும் ஆறு இருக்கலாம். அந்த உதட்டின் வடிவம், குழாயின் நீளம், ஒழுங்கு இவைதான் அக்ரோபோராவுக்குள் இனங்களைப் பிரிக்கிற அடையாளங்கள். பார்த்த துண்டை அங்கேயே போட்டுவிடுங்கள். 2003 இலிருந்து அது தேசியப் பூங்கா. செத்த துண்டைப் பையில் போட்டாலும் குற்றம்தான்.

நுனிக் கிண்ணம் இல்லாத கிளைகளில் அடிக்கடி அகப்படுவது பொசிலோபோரா. அதன் கிளை முழுவதும் பரு பருவாக இருக்கும், பருவின் மேலும் இடையிலும் கிண்ணங்கள் இருக்கும். பரு இல்லாமல், கிண்ணத்துக்குமேல் சிறு கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்டைலோஃபோராவை நினைக்கலாம். மொன்டிபோராவிலும் போரைட்டஸிலும் கிளைவிடும் இனங்கள் உண்டு. இவற்றில் கிண்ணம் மிகச் சிறிது, ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் போவது குறைவு. கிண்ணம் கிண்ணத்தோடு நெருங்கி இடைவெளி இல்லாமல் இருந்தால் போரைட்டஸ். கிண்ணங்களுக்கு இடையில் கரடுமுரடான கல்லும் அதில் சிறு முட்களும் இருந்தால் மொன்டிபோரா.

சரி, அக்ரோபோராதான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்து எந்த இனம்? இங்கே நிதானம் வேண்டும். இது கல் முருகைகளில் மிகப் பெரிய பேரினம், நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். படகில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“அண்ணா, அந்தப் பெரிய தட்டு என்ன முருகை?”

“அது மேசை, தம்பி. அங்கால நிக்கிறது மான்கொம்பு. பேர் வேணுமெண்டா பல்கலைக்கழக வளாகத்தில கேளுங்கோ.”

படகுக்காரர் சொன்னது குறைந்த பதிலாகத் தெரியலாம். உண்மையில் பாறைக் கண்காணிப்புக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி இந்த வளர்ச்சி வடிவங்களைத்தான் எழுதுகின்றன: மேசை, கிளை, திரள், இலை, படிவு. ‘மேசை வடிவ அக்ரோபோரா’ என்று எழுதினால் அது சரியான பதிவு. ‘அக்ரோபோரா ஹயசிந்தஸ்’ என்று எழுதினால் அது ஒரு வாதம், அதற்கு ஆதாரம் வேண்டும். அந்தப் பெயருக்குரிய முதல் மாதிரி ஃபிஜியிலிருந்து போனது. இந்தியப் பெருங்கடல் முதல் பசிபிக் வரை மேசையாக வளர்வதை எல்லாம் அந்தப் பெயரில் போட்டுவைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் அதை இப்போது பல இனங்களாகப் பிரித்துக்கொண்டிருக்கின்றன.

அறிகுறி: உருண்டைக் கற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியவில்லை

சுற்றுலாப் பயணிகளுக்கு எல்லாம் ‘மூளை முருகை’. நமக்கு அது போதாது. நெருக்கப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு இந்த ஒழுங்கில் கேளுங்கள்.

கிண்ணத்தின் அகலம் என்ன? ஒரு மில்லிமீற்றர் அளவில், மேற்பரப்பே வழவழப்பாகத் தெரிந்தால் அது போரைட்டஸாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே பெரிய திரளாக நிற்பவற்றில் போரைட்டஸ் நிறைய. அதற்குமேல் இனம் சொல்வது நுணுக்குக்காட்டி வேலை. கிண்ணத்துக்குள் தகடுகள் எப்படிச் சேர்கின்றன என்பதில்தான் வித்தியாசம். நீருக்கடியில் எடுத்த படத்தை வைத்து ‘போரைட்டஸ் லுட்டியா’ என்று உறுதியாகச் சொல்கிறவரிடம் எதை வைத்துச் சொல்கிறார் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கிண்ணம் நான்கைந்து மில்லிமீற்றருக்கு மேலே என்றால், சுவர் யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஃபவைட்ஸில் பக்கத்துக் கிண்ணங்கள் இரண்டுக்கும் சுவர் ஒன்று. தேனடையில் அறைகள் சுவரைப் பகிர்ந்துகொள்வதுபோல. டிப்சாஸ்ட்ரியாவில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் சொந்தச் சுவர், இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடும். மேலிருந்து நேராக எடுத்த படத்தில் தசை அந்த வாய்க்காலை மூடி, இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடும். சாய்வான கோணத்தில் இன்னொரு படம் எடுங்கள், வாய்க்கால் இருந்தால் நிழல் விழும்.

பொதுச் சுவர்தான், ஆனால் கிண்ணம் சிறிது, உள்ளே தகடுகளின் உள்நுனியில் சிறு மடல்கள் எழுந்து மையத்தைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கின்றன என்றால் கோனியாஸ்ட்ரியா பக்கம் போங்கள். ஃபவைட்ஸில் இந்த வளையம் அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

கிண்ணம் எப்படிப் பிறக்கிறது என்பதும் சாட்சி சொல்லும். பழைய கிண்ணம் நடுவில் ஒடுங்கி இரண்டாகப் பிரியும் நிலையில் இருக்கிறதா, அல்லது பெரிய கிண்ணங்களுக்கு வெளியே, இடைவெளியில் குட்டிக் கிண்ணங்கள் முளைத்திருக்கின்றனவா? டிப்சாஸ்ட்ரியாவில் முதல் விதம்தான். இடைவெளியில் குட்டிகளாக முளைத்திருந்தால், வெளியே பார்க்க எவ்வளவு ஒத்திருந்தாலும் வேறு பேரினத்தைத் தேட வேண்டும்.

கிண்ணங்கள் பிரியாமல் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட பள்ளமாக ஓடினால்தான் உண்மையான மூளை வடிவம். அங்கே பிளாட்டிஜைராவுக்கும் லெப்டோரியாவுக்கும் குழப்பம் வரும். லெப்டோரியாவின் தகடுகள் ஒரே உயரம், ஒரே இடைவெளி, அச்சு வைத்தாற்போல. பள்ளத்தின் நடுவே மெல்லிய சுவர் மாதிரி ஒரு தகடு தொடர்ந்து ஓடும். பிளாட்டிஜைரா அவ்வளவு ஒழுங்கில்லை. தகடுகளின் விளிம்பு கிழிந்ததுபோல இருக்கும். சில கொலனிகளில் பாதிப் பகுதி பள்ளமாகவும் பாதி தனிக் கிண்ணமாகவும் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிளாட்டிஜைராவில் அது சாதாரணம்.

கிண்ணங்கள் தனித்தனியாக உயர்ந்து, தகடுகள் கூராக வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கலக்ஸியா. இதைத் தவறவிடுவதுதான் கடினம்.

அறிகுறி: ஒரே கொலனி, மேலே ஓர் இனம், பக்கத்தில் வேறோர் இனம்

கமராவில் பிழையில்லை. முருகை நகர முடியாத உயிர். வெளிச்சத்துக்கும் அலைக்கும் ஏற்றபடி உடலை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அலை அடிக்கிற பக்கத்தில் கிளைகள் குட்டையாகத் தடித்து நெருங்கும். அமைதியான பக்கத்தில் மெலிந்து நீளும். வெளிச்சம் குறைந்த இடத்தில் அகலமாக விரியும். ஒரே கொலனியின் உச்சியும் அடியும்கூட இரு வேறு உலகங்கள். பக்கவாட்டில், நிழலில் இருக்கிற கிண்ணங்கள் சரிந்து, அகன்று, இடைவெளிவிட்டு இருக்கும்.

கொலனித் துண்டுகளை இடம் மாற்றி நட்டுப் பார்த்த சோதனைகள் இதில் சுவையானவை. டர்பினேரியா மெசன்டெரினா ஆழம் குறைந்த இடத்தில் மடிந்து மடிந்து எழும், ஆழத்தில் தட்டையாக விரியும். இடத்தை மாற்றினால் புதிய இடத்துக்கேற்றபடி வடிவத்தையும் மாற்றிக்கொண்டது. பவோனா கக்டஸ் அப்படி வளைந்துகொடுக்கவில்லை, பெரும்பாலும் பழைய வடிவத்திலேயே நின்றது. ஆகவே ‘முருகை எல்லாம் இடத்துக்கேற்ப மாறும், வடிவத்தால் பயனில்லை’ என்றும் சொல்லிவிட முடியாது. எந்த இனம் எவ்வளவு மாறும் என்பது இனத்துக்கு இனம் வேறு.

செய்ய வேண்டியது: கொலனியின் மேல்பகுதியில், வளர்விளிம்பைத் தவிர்த்து, பத்துக் கிண்ணங்களையாவது அளந்து வீச்சை எழுதுங்கள். சராசரியைவிட வீச்சு உதவும். சந்தேகம் இருந்தால் அதே கொலனியின் பக்கத்தையும் படமெடுத்து, இரண்டும் ஒரே கொலனி என்று குறித்துவையுங்கள். தனித்தனிப் படங்களாகப் போனால் பின்னால் வருகிறவர் இரண்டு இனமாக எழுதிவிடுவார். 19ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகங்களில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. கப்பலில் வந்த காய்ந்த துண்டுகளை வைத்துப் பெயர் சூட்டினார்கள். பலவற்றில் எந்த ஆழம், எந்தப் பக்கம் என்ற குறிப்பே இல்லை. ஒரே முருகைக்குப் பல பெயர் வந்ததும், பல முருகைகள் ஒரே பெயரில் அடைந்ததும் அப்படித்தான்.

அறிகுறி: கல்லே தெரியவில்லை, பொலிப்பு மூடிக்கொண்டிருக்கிறது

பெரும்பாலான கல் முருகைகள் பகலில் பொலிப்பை உள்ளிழுத்துக்கொள்ளும். கோனியோபோராவும் அல்வியோபோராவும் பகலிலும் நீளமாக விரித்தபடி இருக்கும், அதனால் மென்முருகை என்று நினைத்துவிடுவார்கள். கைகளை எண்ணினால் முடிந்தது: கோனியோபோராவுக்கு 24, அல்வியோபோராவுக்கு 12.

அறிகுறி: வெள்ளையாக இருக்கிறது

வெள்ளைக்கு நான்கு காரணம் உண்டு, நான்கையும் ‘வெளிறல்’, அதாவது உடலுக்குள் வாழும் பாசியை முருகை இழப்பது, என்று எழுதிவிடக் கூடாது. அக்ரோபோராவின் கிளை நுனிகள் மட்டும் வெளுத்திருந்தால் அது வளர்ச்சி. புதிய நுனியில் பாசி இன்னும் குடியேறவில்லை. ஒவ்வொரு வருடமும் இதைப் பார்த்துப் பதறி முகநூலில் படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொலனி முழுவதும் வெளுத்து, உற்றுப் பார்த்தால் கண்ணாடிபோன்ற தசையும் பொலிப்பும் இருந்தால்தான் வெளிறல். அது இன்னும் உயிரோடு இருக்கிறது. தசையே இல்லாமல் கிண்ண விளிம்புகள் கூராகத் தெரிந்தால் அண்மையில் செத்தது. கொஞ்ச நாளில் பச்சைப் பாசி ஏறும். ஒரு பக்கம் மட்டும் தெளிவான எல்லையோடு வெண்மையாக இருந்தால் கீழேயும் பின்னாலும் தேடுங்கள். முள்முடி நட்சத்திரமீன் ஒளிந்திருக்கலாம். கிளைகளின் அடியில் டுருபெல்லா நத்தைகள் கூட்டமாக இருக்கலாம்.

1998 இல் தென்மேற்கிலும் தெற்கிலும் முருகைகள் பெருவாரியாக வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பாறைகள் பெரிய சேதமில்லாமல் தப்பின. கடல் சூடேறும் காலம் அடிக்கடி வருகிற இப்போது, எது வெளிறியது, எது கடிபட்டது என்று பிரித்து எழுதுவது இனப்பெயரைவிட அவசரமான வேலை. சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: வெளிறிய கொலனியில்தான் கிண்ணத்தின் அமைப்பு மிகத் தெளிவாகத் தெரியும். அப்போது எடுத்த நெருக்கப் படங்களை எறிந்துவிடாதீர்கள்.

அறிகுறி: புத்தகத்தில் ஒரு பெயர், இணையத்தில் வேறு பெயர்

இது உங்கள் பிழையே இல்லை. பழைய புத்தகங்களில் நம் கடலின் உருண்டை முருகைகள் ஃபேவியா என்று இருக்கும், இன்று அவை டிப்சாஸ்ட்ரியா. சிம்ஃபில்லியா இப்போது லோபோஃபில்லியாவுக்குள் போய்விட்டது. கோனியாஸ்ட்ரியா அஸ்பெரா சீலாஸ்ட்ரியா ஆனது. தட்டாகக் கிடக்கும் ஃபங்கியாக்களும் பல பேரினங்களாகப் பிரிந்தன.

காரணம் வெறும் பெயர் விளையாட்டு இல்லை. 2004 இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று பெரிய அதிர்ச்சி கொடுத்தது: அத்திலாந்திக்கில் இருக்கும் ஃபேவியாவும் இந்து–பசிபிக் கடல்களில் ஃபேவியா என்று அழைக்கப்பட்டவையும் நெருங்கிய உறவே இல்லை. தனித்தனியாகப் பரிணமித்து ஒரே தோற்றத்துக்கு வந்தவை. 2012 இல் குடும்பங்களே திருத்தி அமைக்கப்பட்டன. நம் பக்கத்து ஃபவைட்ஸ், கோனியாஸ்ட்ரியா, பிளாட்டிஜைரா எல்லாம் மெருலினிடே குடும்பத்துக்குப் போயின. வெளித்தோற்றம் ஏமாற்றினாலும், தகடுகளின் பற்களையும் கல்லின் நுண்ணமைப்பையும் மறுபடி பார்த்தபோது அவை மரபணு சொன்ன கதையோடு ஒத்துப்போயின. கிண்ணத்தைப் பாருங்கள் என்று இவ்வளவு தூரம் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது: உலகக் கடல் இனப் பதிவேட்டில், வோர்ம்ஸ் என்று சொல்கிறார்களே, அதில் பழைய பெயரைப் போட்டுத் தேடுங்கள். இன்று ஏற்கப்பட்ட பெயரைக் காட்டும். பட்டியலில் இரண்டையும் எழுதுங்கள். பழைய கணக்கெடுப்போடு ஒப்பிடும்போது இதுதான் கழுத்தை அறுக்கும்: அன்றைய பட்டியலில் ஃபேவியா இருந்தது, இன்றைய பட்டியலில் இல்லை, டிப்சாஸ்ட்ரியா புதிதாக வந்திருக்கிறது. பெயர் மாற்றம் தெரியாதவர் ஒன்று அழிந்தது, ஒன்று குடியேறியது என்று அறிக்கை எழுதிவிடுவார். பாறையில் ஒன்றுமே மாறியிருக்காது.

அறிகுறி: மரபணு பார்த்தால் தீராதா?

மீனுக்குத் தீரும் அளவுக்கு முருகைக்குத் தீராது. விலங்குகளை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் இழைமணி மரபணுப் பகுதி முருகைகளில் மிக மெதுவாகத்தான் மாறுகிறது. நெருங்கிய இனங்களுக்கு இடையில் வித்தியாசமே தென்படாமல் போகலாம். அதோடு, பல அக்ரோபோரா இனங்கள் ஒரே இரவில் முட்டையும் விந்தும் விடுகின்றன, சிலவற்றுக்கிடையே கலப்பும் நடக்கிறது. இனத்துக்கு இனம் கோடு கிழிக்க இப்போது மரபணுத் தொகுதி முழுவதிலிருந்தும் நூற்றுக்கணக்கான பகுதிகளை எடுத்து ஒப்பிடுகிறார்கள்.

அப்படிப் பார்த்தபோது வந்த முடிவுகள் இரு பக்கமும் வெட்டுகின்றன. பொசிலோபோராவில் ஒரே இனம் பல வடிவங்களில் வளர்வதும், ஒரே வடிவத்தில் பல இனங்கள் ஒளிந்திருப்பதும் தெரியவந்தது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறையில் பல ஆண்டுகளாக எத்தனையோ ஆய்வுகளில் ‘அக்ரோபோரா டெனுயிஸ்’ என்று எழுதப்பட்ட முருகை, ஃபிஜியிலிருந்து பெயர் பெற்ற அசல் டெனுயிஸ் இல்லை என்றாகி, இப்போது ‘அக்ரோபோரா கென்டி’ என்று அழைக்கப்படுகிறது. அவ்வளவு ஆய்வு நடந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், ஃபிஜியிலோ செங்கடலிலோ பிறந்த பெயரை நிலாவெளிக் கொலனிக்கு ஒட்டும்போது நமக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்?

மாதிரி எடுப்பதும் லேசான காரியமில்லை. துண்டு எடுத்து, வெளுக்கும் திரவத்தில் ஊறவைத்துத் தசையைப் போக்கி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் பழைய முறை. இன்றும் அது தேவை. ஆனால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு விரல்நுனி அளவும் எடுக்க முடியாது. கல் முருகைகள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்குத் தனி அனுமதி வேண்டும். மாணவர்கள் தங்கள் மேற்பார்வையாளர் வழியாக முன்கூட்டியே இதைத் தொடங்க வேண்டும். சீசன் வந்த பிறகு விண்ணப்பித்தால் சீசன் போய்விடும்.

அறிகுறி: செயலி ஒன்று சொல்கிறது, தெரிந்தவர் வேறொன்று சொல்கிறார்

செயலி உங்கள் படத்தை இதுவரை மற்றவர்கள் பெயரிட்ட படங்களோடு ஒப்பிடுகிறது. அந்தப் பெயர்களில் எத்தனை நெருக்கப் படம் பார்த்து வைத்தவை? ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பேரினம் வரை வரும் ஆலோசனையை எடுத்துக்கொள்ளலாம். இனப்பெயரைத் துப்புக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர்கள் இருவர் மோதினால், யார் பெரியவர் என்று பார்க்காமல் எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். ‘ஐயா, எந்தப் படத்தில் இது தெரிகிறது?’ என்று கேட்டால் நல்ல நிபுணர் கோபிக்க மாட்டார். இருவரும் படத்தில் இல்லாத ஓர் அடையாளத்தைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறார்கள் என்பது பல தடவை அப்போதுதான் வெளிக்கும்.

எழுதிவைப்பது எப்படி

ஆதாரம் எங்கே முடிகிறதோ அங்கே பெயரையும் நிறுத்துங்கள். பேரினம் மட்டும் உறுதி என்றால் பேரினப் பெயருக்குப் பின் ‘எஸ்பி.’ போடுங்கள். இனம் இன்னதாக இருக்கலாம், ஆனால் மாதிரியோடு ஒப்பிடவில்லை என்றால் நடுவில் ‘சிஎஃப்.’ வரும். பேரினமே தெரியாவிட்டால் ‘திரள் வடிவம், கிண்ணம் 6–8 மி.மீ.’ என்று எழுதினாலும் அடுத்தவருக்குப் பயன்படும். வெறுமனே ‘தெரியாது’ என்று விட்டால் படத்தோடு சேர்ந்து தகவலும் போய்விடும். எந்த அடையாளத்தைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்க முடியவில்லை, இரண்டும் வரட்டும். கோப்பின் பெயரிலேயே தேதியும் ஆழமும் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு நல்ல குறிப்பு இவ்வளவுதான் இருக்கும்: ‘ஃபவைட்ஸ் எஸ்பி.; புறாமலை, கரை பார்த்த பக்கம்; 3 மீற்றர்; திரள்; பத்துக் கிண்ணம் 9–12 மி.மீ.; சுவர் பொது; உள்மடல் வளையம் தெரியவில்லை; சாய்கோணப் படம் இல்லை, அடுத்த முறை எடுக்க வேண்டும்.’